ஏற்காட்டு வேலைக்குச் சாரம் சுமக்கும் கூலியை எப்படிக் கணக்குப் போடுவது?

கேட்டவர் சேலத்தில் சாரம் கட்டும் மேஸ்திரி. ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவுக்குப் பூச்சு வேலையும் பெயின்டும் நடக்கப்போகிறது, சாரம் இவருடையது. லாரி நிற்கும் இடத்திலிருந்து வீடு 250 மீட்டர். அதில் 200 மீட்டர் காப்பித் தோட்டத்துக்குள் மூன்றடி அகலப் பாதை, மீதி 120 கல் படி. சரக்கு சுமார் 5 டன் கப்லாக், அதாவது கப்பில் மாட்டி முடுக்கும் இரும்புச் சாரச் சாமான். சுவர் முகப்பு 3,770 சதுர அடி. "சேலத்தில் வாங்கும் சதுர அடி ரேட்டோடு தூரத்துக்காக எத்தனை சதவீதம் சேர்க்கலாம்?" என்பது அவர் கேள்வி.

சதவீதமே வேண்டாம். சதுர அடி ரேட் சுவரை அளக்கிறது, சுமை கூலி பாதையை அளக்க வேண்டும். ஒரே பங்களா சேலம் அஸ்தம்பட்டியில் ரோட்டோரம் இருந்தாலும், ஏற்காட்டில் 120 படிக்கு மேலே இருந்தாலும் சுவர் அதே 3,770 சதுர அடிதான். கட்டுகிற வேலை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. சுமக்கிற வேலைதான் பல மடங்கு மாறுகிறது. இதில் 20 சதவீதம், 30 சதவீதம் என்று சேர்த்தால், அது நீங்கள் மனதில் நினைத்த எண்ணாக இருக்குமே தவிர அந்தப் பாதையின் கணக்காக இருக்காது. கடைசியில் அந்த வித்தியாசம் உங்கள் லாபத்திலிருந்து போகும், அல்லது ஆட்களின் தோளிலிருந்து போகும். பெரும்பாலும் தோளிலிருந்துதான் போகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பொதுப்பணித் துறை மதிப்பீடுகளில் இதற்கு லீடு, லிஃப்ட் என்று இரண்டு கணக்கு உண்டு. கிடைமட்டத் தூரம் லீடு, மேலே ஏற்றும் உயரம் லிஃப்ட். மத்தியப் பொதுப்பணித் துறையின் மண் வேலை ரேட்டில் முதல் 50 மீட்டர் லீடும் 1.5 மீட்டர் லிஃப்ட்டும் அடிப்படை ரேட்டுக்குள்ளேயே அடக்கம், அதற்கு மேலே போனால் தனியாகச் சேரும். தனியார் சாரத் தொழிலில் நம்மில் யாரும் இப்படிப் பிரித்து எழுதுவதில்லை. எழுத ஆரம்பிக்க வேண்டும். லாரி நிற்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் வரை சதுர அடி ரேட்டில் அடக்கம், அதற்கு மேல் தனி வரி என்று கொட்டேஷனில் போடுங்கள்.

சரி, அந்தத் தனி வரிக்கு எண் எங்கிருந்து வரும்? ஒரு நடையிலிருந்து வரும். ஒரு ஆள் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வர எத்தனை நிமிடம், அந்த நடையில் எத்தனை கிலோ போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நடை முடியும் என்ற மூன்றும் தெரிந்தால் மற்றதெல்லாம் வெறும் வகுத்தல் பெருக்கல்.

முதலில் எடை. நாம் 40 எம்எம் என்று சொல்லும் பைப்பின் வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர். தகடு 3.2 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 3.56 கிலோ. வெறும் 6 மீட்டர் பைப் ஒன்று 21 கிலோவைத் தாண்டும். 3 மீட்டர் கப்லாக் வெர்டிகலில் (நிமிர்ந்து நிற்கும் கால்) பைப் மட்டும் பத்தரை கிலோவுக்கு மேல், அரை மீட்டருக்கு ஒன்றாக வரும் கப்புகளும் மேலே அடுத்த காலைச் செருகும் ஸ்பிகாட்டும் சேர்ந்து 15 கிலோ பக்கம் வந்துவிடும். 1.2 மீட்டர் லெட்ஜர் (கால்களை இணைக்கும் குறுக்குப் பைப்) நாலரை கிலோ அளவு. கிளாம்ப் ஒன்று சுமார் ஒரு கிலோ. உங்கள் குடோனில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். பழைய சரக்கில் சிமென்ட் ஒட்டியிருக்கும், எடை கூடுதலாகத்தான் காட்டும். மழையில் நனைந்த பலகையும் அப்படித்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமையைச் சராசரியாகப் பிரிக்க முடியாது, முழு உருப்படியாகத்தான் தூக்க முடியும். வெர்டிகல் ஒன்று 15 கிலோ என்றால் ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு நடுவே எதுவும் இல்லை. ஒன்று என்றால் நடை வீணாகிறது. மூன்று என்றால் 45 கிலோ, அதை வைத்துக்கொண்டு படி ஏறவே கூடாது. ஆகவே இரண்டு, 30 கிலோ. 1998ஆம் ஆண்டின் மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் விதிகள் வயது வந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று மேல் வரம்பு வைத்தன. அது அதற்கு மேல் போகவே கூடாது என்று சொல்லும் எல்லை. நாள் முழுக்கப் படியேற அந்த எடையைத் தூக்கலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. சமதரையில் ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை லேசாகத் தூக்கிப் போகிற ஆளும் இருபதாவது படியில் நின்றுவிடுவார்.

கப்லாக் வெர்டிகலுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. மொட்டை பைப் தோளில் சரியாக உட்காரும். இதில் அரை மீட்டருக்கு ஒரு கப் துருத்திக்கொண்டு நிற்பதால், கப் தோள் எலும்பின் மேல் வராமல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பழகாத ஆள் நடுக்கப்பைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பத்து நடை போவார், சாயங்காலம் தோல் உரிந்திருக்கும். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பழைய சாக்கைத் தைத்துத் தோள் பட்டையாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவது. கிளாம்ப், ஜாக் போன்ற சில்லறைச் சாமான்களைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற பெண்கள் சும்மாடு கட்டிப் பாண்டில் தூக்குவார்கள். அவர்களுக்குப் படி ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்து 20 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எடை குறைவு என்று கூலியைக் குறைக்காதீர்கள். அவர்களும் அதே படியைத்தான் ஏறுகிறார்கள்.

அடுத்தது நேரம். உங்கள் பாதைக்கே போட்டுப் பார்க்கலாம். இரண்டு வெர்டிகலை எடுத்துத் தோளில் ஏற்ற ஒரு நிமிடம். 200 மீட்டர் தோட்டப் பாதையைச் சுமையோடு கடக்க 4 நிமிடம். ஒரு படி 18 சென்டிமீட்டர் என்றால் 120 படிக்குச் சுமார் 22 மீட்டர் உயரம். 30 கிலோவோடு மூச்சு வாங்கி வாங்கி ஏறினால் அது இன்னொரு 4 நிமிடம். மேலே இறக்கி ஒழுங்காக அடுக்க ஒன்று. வெறுங்கையோடு படி இறங்கித் திரும்பி வர 5. ஆக மொத்தம் 15 நிமிடம். காலை எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற நாளில் டீ, சாப்பாடு, உட்கார்ந்து மூச்சு வாங்குவது, வழியில் எதிரே வருபவருக்கு ஒதுங்குவது எல்லாம் போக 5 மணி நேரம்தான் உண்மையான சுமை நேரம் என்று வையுங்கள். 20 நடை. நடைக்கு 30 கிலோ வீதம் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 600 கிலோ.

இதைச் சேலத்துச் சமதரை சைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 மீட்டர் தூரம் என்றால் எடுக்க, நடக்க, வைக்க, திரும்ப எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். அதே 5 மணி நேரத்தில் 100 நடை, 3 டன். ஒரே ஆள், ஒரே கூலி, சரக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்கிறது. "கொஞ்சம் தூரம்தானே, சேர்த்துப் பார்த்துக்கோங்க" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது உங்கள் கையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

இப்போது கூலி. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்காக ஒரு ஆளுக்கு 900 ரூபாய் என்றும், மலைக்குப் போகவர, சாப்பாட்டுக்கு 150 என்றும் வைப்போம், 1,050. 5,000 கிலோவை 600ஆல் வகுத்தால் எட்டே கால் ஆளுக்குச் சற்று மேல். இது ஏற்றுவதற்கு மட்டும். வேலை முடிந்து பிரித்த சரக்கு தானாக லாரிக்கு வராது. புதிதாகக் கொட்டேஷன் போடுகிறவர்கள் இந்த இறக்கும் சுமையை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். படி இறங்கும்போது மூச்சு மிச்சம், ஆனால் முழங்கால் தாங்க வேண்டும். முன்னால் நீட்டியிருக்கும் பைப் கீழ்ப் படியில் இடிக்காமல் பார்த்து இறங்க வேண்டும், அதனால் வேகமும் பெரிதாக அதிகரிக்காது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே நேரம் போடுங்கள். இரண்டும் சேர்த்து 17 ஆள். 1,050 வீதம் 17,850 ரூபாய்.

அதன் மேல் 15 சதவீதம் வையுங்கள். இரண்டாம் நாள் நடை குறையும், தூறல் போட்டால் படியில் ஏற முடியாது, மேற்பார்வைக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். இவற்றுக்குத்தான் அது. 20,500 ஆயிற்று. உங்கள் லாபம் 12 சதவீதம் சேர்த்தால் 23,000 பக்கம் வருகிறது. அதை 3,770ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 6 ரூபாய் சொச்சம். இந்த 6 ரூபாய் உங்கள் சேலத்து ரேட்டில் எத்தனை சதவீதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சதவீதத்தை வேறு எந்த வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். அடுத்த பங்களாவில் 60 படி இருந்தால் கணக்கு முழுதாக மாறிவிடும்.

தூரம் இரட்டித்தால் கூலியும் சரியாக இரட்டிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எடுக்கவும் வைக்கவும் ஆகிற இரண்டு நிமிடம் எந்தத் தூரத்துக்கும் மாறாது. சமதரையில் 50 மீட்டர் 100 ஆனால் நடை நேரம் இரட்டிக்கக் கொஞ்சம் குறைவாகவே கூடும். ஏற்றம் வேறு மாதிரி. முதல் 30 படியை ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள், அடுத்த 30க்கு ஒரு முறை நிற்பார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பார்கள். படி கூடக் கூட நேரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. உங்கள் பாதையில் 200 மீட்டருக்கு ஆகிற நேரமும் 50 மீட்டர் படிக்கு ஆகிற நேரமும் ஒன்றே என்பதைப் பார்த்தீர்கள். ஆகவே தூரத்தை அளப்பதைவிடப் படியை எண்ணுவது முக்கியம்.

இதனால்தான் தள்ளுவண்டி யோசனையும் நினைத்த அளவு பலன் தராது. 200 மீட்டருக்குத் தள்ளுவண்டி ஓட்டி, படியடியில் இறக்கி, அங்கிருந்து தோளில் ஏற்றினால் ஒரு தடவை கூடுதலாக இறக்கி ஏற்ற வேண்டும். கணக்குப் பார்த்தால் ஏற்றுவதில் ஒரு ஆள் கூலி அளவுக்குத்தான் மிச்சமாகும். ஆனாலும் பாதை இடம் கொடுத்தால் நான் தள்ளுவண்டி போடவே சொல்வேன். மதியத்துக்கு மேல் ஆட்களின் கால் தளராமல் இருக்கும், விழுவது குறையும்.

உண்மையில் பணம் மிச்சமாகும் இடம் வேறு. வீட்டுக்கு மேல்புறமாக ஏதாவது எஸ்டேட் ரோடு போகிறதா என்று தோட்டத்து மேலாளரிடம் கேளுங்கள். ஏற்காட்டில் பல பழைய பங்களாக்கள் சரிவின் நடுவில் இருக்கின்றன. விருந்தாளிகள் வருகிற வழி கீழே இருக்கும், காப்பி மூட்டை ஏற்றும் டிராக்டர் வழி மேலே இருக்கும். மேலிருந்து இறக்கினால் சரக்கு வரும்போது இறக்கம், ஆள் வெறுங்கையோடு ஏற்றம். திரும்பப் போகும்போது மட்டும் அது ஏற்றமாக மாறும், அதையும் கணக்கில் வையுங்கள். டிராக்டர் ஒரு நாள் வாடகை இரண்டு மூன்று ஆள் கூலி என்றாலும் லாபம்தான்.

சாமான் தேர்விலும் யோசிக்க இடம் உண்டு. 6 மீட்டர் பைப்பை மலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. சேலத்திலிருந்து போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. லாரியில் வால் நீட்டிக்கொண்டிருக்கும் பைப் அங்கேயே தொல்லை. தோட்டப் பாதையில் இன்னும் மோசம். முன்னால் போகிறவர் வளைவில் திரும்பினால் பைப்பின் பின்முனை எதிர்ப்பக்கம் வீசி, பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேரே போகும். மூன்றடிப் பாதையில் சுமையோடு போகிறவரும் வெறுங்கையோடு வருகிறவரும் எதிர்ப்பட்டால் இருவருமே நிற்க வேண்டியிருக்கிறது. நீள உருப்படியை எல்லாம் முதலில் ஒரே திசையாக அனுப்பிவிட்டு, பிறகு லெட்ஜரையும் கிளாம்பையும் அனுப்புங்கள். லெட்ஜர், பலகை, கிளாம்ப் மூட்டை ஆகியவற்றைப் படியில் ஆளுக்குப் பத்துப் படி என்று வரிசையாக நின்று கைமாற்றிவிடலாம், யாரும் ஏறி இறங்க வேண்டியதில்லை. வெர்டிகலுக்கு அது ஒத்துவராது. கைமாற்றும்போது நழுவினால் கீழே நிற்பவர் மேல்தான் போகும்.

யாரை வைத்துச் சுமப்பது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். சாரம் கட்டத் தெரிந்த ஆட்களைச் சேலத்திலிருந்து கூட்டிப்போய்ச் சுமக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை. சுமந்து களைத்த உடம்போடு மறுநாள் ஏழு மீட்டர் உயரத்தில் நின்று கப்பு முடுக்குவது ஆபத்து. சுமப்பதற்கு மலை ஆட்களையே கேளுங்கள். அந்தப் பாதையும் அந்தச் சரிவும் அவர்கள் காலுக்குப் பழக்கம். ஒன்று மட்டும் உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், அப்போது ஆள் கிடைப்பது கஷ்டம், கூலியும் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் சேர்ந்துகொள்ளும். வேலையைத் தள்ளிவைக்க முடியுமானால் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளச் சொல்லுங்கள். முடியாது என்றால் மழை நாளுக்குப் பாதிக் கூலி யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

ஆட்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். வீட்டுக்காரரிடம் மொத்தமாகப் பேசுங்கள், ஆட்களுக்கு நாள் கூலியாகக் கொடுங்கள். நடைக்குக் கணக்கு என்று சொன்ன அடுத்த நிமிடமே ஒருவர் மூன்று வெர்டிகலைத் தோளில் வைப்பார், பார்க்கிற மற்றவரும் வைப்பார். ஏற்காட்டுக் கல் படியில் பாசி இருக்கும், பனி இறங்கினால் வழுக்கும். 45 கிலோவோடு வழுக்கினால் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போதாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே வேலையில் நேர்கிற விபத்துக்குப் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது, 'அவரே மூன்று தூக்கினார்' என்று சொல்லித் தப்ப முடியாது. உங்களிடம் தொடர்ந்து வேலை பார்க்கிறவர்களை 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைத்துவிடுங்கள். 20 நடைக்கு மேல் முடித்தால் சாயங்காலம் கூடுதலாக ஏதாவது கொடுக்கலாம் என்றுகூட நான் சொல்லமாட்டேன். வேலை முடிந்தால் அரை மணி முன்னதாக அனுப்புங்கள், அது போதும்.

என் கணக்கில் போட்ட நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கொட்டேஷன் கொடுக்குமுன் ஒரு முறை போய்ப் பாருங்கள். டேப் பிடித்துப் பாதையை அளங்கள், படியை எண்ணுங்கள், இரண்டு வெர்டிகலை வண்டியில் போட்டுக்கொண்டு போய் ஒரு ஆளைத் தூக்கிப்போகச் சொல்லி நேரம் பாருங்கள். காலை ஏழரை மணிக்குத் தெம்பாக ஒரு நடை போனவரின் நேரத்தை நாள் முழுதுக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது, அதோடு மூன்றில் ஒரு பங்காவது கூட்டுங்கள். கீழே சரக்கு இறக்கி அடுக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சரக்கு ஏறி முடிகிற வரை லாரி நிற்கும், வெயிட்டிங் வாடகை தனி. அந்த இடத்தில் உள்ளூர் சுமைத் தொழிலாளர்கள் இறக்குவது வழக்கம் என்றால் அவர்களிடம் முதலிலேயே பேசி அந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். லாரி வந்து நின்ற பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கொட்டேஷனில் இப்படி எழுதலாம்: "லாரி நிற்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் வரை சரக்கு சுமப்பது சாரக் கூலியில் அடங்கும். இந்த வேலையில் 250 மீட்டர் தூரமும் 120 படியும் இருப்பதால், சுமார் 5 டன் சரக்கை ஏற்றவும் திரும்ப இறக்கவும் சுமை கூலி 23,000 ரூபாய் தனி. வழி மாறினாலோ, லாரி இதைவிடத் தொலைவில் நிற்க நேர்ந்தாலோ இத்தொகை மாறும்." வீட்டுக்காரர் அதிகம் என்று சொன்னால் தொகையைக் குறைக்க வேண்டாம். வழியைக் கேளுங்கள். "மேல் ரோட்டைத் திறந்துவிடுங்க, குறைச்சுக்கலாம்" என்று சொல்லுங்கள். குறைக்க முடிந்தது பாதையால் குறைந்ததாக இருக்க வேண்டும்.

பணம் வாங்கும் முறையையும் பிரித்துக்கொள்ளுங்கள். சுமை கூலியில் பாதி, சரக்கு முழுதும் மேலே சேர்ந்த அன்றே. மறுபாதி, சாரம் பிரிக்கத் தொடங்குமுன். பெயின்ட் முடிந்து சாரமும் பிரித்தாகிவிட்டால் வீட்டுக்காரருக்கு உங்களால் ஆக வேண்டிய காரியம் எதுவும் மிச்சமில்லை. உங்களுக்கோ 5 டன் சரக்கு 120 படிக்கு மேலே கிடக்கும். அடுத்த சைட்டுக்கு அது வேண்டும் என்பதால் கைக்காசைப் போட்டு இறக்க வேண்டியிருக்கும். இரண்டாவது தவணை வராமல் தாமதமானால் அத்தனை நாளுக்கும் சரக்கு வாடகை ஓடும் என்ற ஒரு வரியையும் அதே தாளில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.